வராத மருமகள் வரிசையில் நின்ற கதை

மதிப்பும், அதைவிட ஒரு பிடி கூடுதலாகப் பயமும் கலந்த அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும், கடையில் உள்ள ஆணி, திருகு, தாழ்ப்பாள் எல்லாமும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் கையாலேயே பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரை அப்பா ஒரு நாள் விடாமல் போடுகிறார். கழற்றச் சொன்னாலும் கழற்றுவதில்லை. இந்த வரியை அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இனி நானாக எழுதுகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது செருப்புகள்தான், அத்தை. இல்லாதவர்களுக்கு அரிசியும் துணியும் இலவசமாகக் கொடுக்கிற, நீங்கள் போய் உதவி செய்யச் சொன்ன அந்தக் கூடத்தின் வாசலில், கதவு திறக்கக் காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வெளியே எங்கே போனாலும் நானும் என் செருப்பைத்தானே பார்ப்பேன். நம் ஆட்கள் என்று நினைத்து அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

நீங்கள் போனில் அப்பாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். உங்கள் குரலுக்கு ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை. "உன் பொண்ணு அங்க ஒரு நாள்கூடப் போகலையாம்! சாவியம்மாவே சொல்றாங்க. சேவை செய்யப் போறான்னு ஊரெல்லாம் சொல்லிவச்சேன், என் மானம் போச்சு. ஞாயித்துக்கிழமை வந்து கையோட கூட்டிட்டு வந்துடறேன். கவுன்டர்ல உக்காரவச்சு நாலு பேர்கிட்ட வெலை சொல்லிக் கத்தவிட்டா வாய் தானாத் தொறக்கும்" என்றீர்கள். அப்பா போனை என்னிடம் நீட்டினார். நான் விளக்கம் சொல்ல மூச்சை இழுத்து, "ம்" என்றேன். நீங்கள் "லைன் கட்டாயிடுச்சு" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அத்தை, நான் போனேன். கூடம் திறந்த எல்லா நாளும் போனேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. அங்கே வாத்தியார் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல வாய் வராமல், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வராதவள் ஆனேன். கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். இங்கே நின்றுகொண்டே வராதவள் ஆகியிருக்கிறேன். என்னைக் கடைக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். எப்படி ஆனது என்று சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தக் கூடம் முன்பு பந்து விளையாடும் இடமாக இருந்ததாம். தரையில் இன்னும் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க வருபவர்கள், அந்தப் பக்கம் மேசை போட்டுக் கொடுப்பவர்கள். அந்த இடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, உங்கள் சிநேகிதி சாவியம்மாவே அதைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்: "இங்கே யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டோம்." நல்ல சட்டம்தான். ஆனால் என்னிடம் யாராவது ஏன் வந்தாய் என்று கேட்டிருந்தால், ஒரு வாரத்துக்குள்ளாவது பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அக்கா, "வீட்டுல மூணு பேரா?" என்றார். தலையாட்டினேன். நான் ஆட்டியது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "நாலா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினால் எதிர்த்துப் பேசுவது போல இருக்குமே என்று அதற்கும் மேலும் கீழுமாக ஆட்டினேன். "அஞ்சா? ஆறா?" ஆறில் அவரே பாவப்பட்டு நிறுத்திக்கொண்டார். "கைக்குழந்தை இருக்கா கண்ணு?" என்றார். அதற்கும் ஆட்டினேன். ஆறு பேருக்கு வேண்டிய அரிசி, மாவு, எண்ணெய், பட்டாணி டின், கூடவே ஒரு டப்பா பால் பவுடர். துணிப் பகுதியில் ஒரு டெய்லர் இருக்கிறார். டேப்பே தொடமாட்டார், ஆளைப் பார்த்தே அளவு சொல்வாராம். என்னைப் பார்த்து, "உங்கப்பா நல்ல வாட்டசாட்டமான ஆளு, சரியா?" என்றார். அப்பா எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். தலையாட்டினேன். இரண்டு அப்பாக்கள் நுழையும்படி ஒரு சட்டை கொடுத்தார்.

வீட்டுக்கு இதை எல்லாம் சுமந்துகொண்டு போனதும் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "சம்பளம் கெடையாதுன்னு அக்கா சொன்னாளே! பாரு, மொத நாளே எவ்வளவு பொருள் குடுத்திருக்காங்க!" என்றார். அம்மா பால் பவுடர் டப்பாவை எடுத்துப் பார்த்து, "சரி, இது யாருக்கு?" என்றாள். "காப்பிக்குத்தான்" என்று அப்பாவே பதில் சொல்லிவிட்டதால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அப்பா பஸ் ஓட்டப் போனார். ஜன்னல் காற்றில் அது உப்பி, பின்னால் உட்கார்ந்தவர்களுக்குச் சாலையே தெரியவில்லை என்று கண்டக்டர் சொன்னாராம்.

எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. அது வேறு யாருக்கோ போக வேண்டிய சாப்பாடு. அடுத்த முறை கூடம் திறந்தபோது, பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடையும் கையுமாக இருப்பதால் அவரை எல்லோரும் குடையக்கா என்பார்கள். முன்பு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர். இப்போது அந்த வேலையை ஒரு பெட்டி செய்கிறதாம். "அந்தப் பெட்டிக்கு ஒருத்தரைத் திட்டத் தெரியுமா? சில்லறை இல்லாம வர்றவனை ஒரு முறை முறைக்கத் தெரியுமா? சொல்லு!" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டியது அன்று ஒன்றுக்குத்தான். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெக்கப்படாத பாப்பா. நானும் மொத நாள் இப்படித்தான் மூஞ்சியக் குடைக்குள்ள வச்சுக்கிட்டு வந்தேன். என் பின்னாடியே நில்லு, எந்த டின் எடுக்கணும்னு நான் சொல்றேன்" என்றார். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவரிடம், "எனக்கு இது தேவையில்லை, என் அப்பாவுக்கு வேலை இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

அதற்குள் உள்ளே சாவியம்மாவின் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கியது. அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கக் கேட்டார்: "ஹார்டுவேர் கடைக்காரம்மாவோட மருமக வந்தாச்சா?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இன்னிக்கும் வரலைங்க" என்றார் டெய்லர்.

"ஒத்தாசைக்கு ஆள் இல்லாம நாம திண்டாடறோம், இந்தப் பொண்ணு வீட்டுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கா" என்றார் சாவியம்மா.

குடையக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ அவ? அவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்!" என்றார். நான் அப்போது அவர் கையில்தான் இருந்தேன்.

என் முறை வந்ததும், வாய் வராததால், பையை அப்படியே மேசையில் வைத்து முன்னால் தள்ளினேன். மேசை அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "சாவியம்மா, இங்க வாங்களேன்! இந்தப் பொண்ணு தனக்குக் குடுத்ததையே அடுத்தவங்களுக்குத் தரேன்னு கொண்டு வந்திருக்கு. ஆறு பேரு வீட்டுல, கைக்குழந்தை வேற!" எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டெய்லர் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவியம்மா என் தலையைத் தடவி, "உன் பங்கை நீ குடுக்கக் கூடாதும்மா. நல்ல மனசு இருந்தா போதும்" என்று அந்தப் பையோடு இன்னொரு பையும் கொடுத்து அனுப்பினார். அதிலும் ஒரு டப்பா பால் பவுடர்.

அடுத்த தடவை நான் பையே கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு போய் நேராகக் கோட்டைத் தாண்டிவிடலாம் என்று திட்டம். ஆனால் அதற்குள் என் புகழ் பரவியிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். டெய்லர் எனக்காகவே ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அது என்ன என்பதை நான் எழுதக் கூடாது. ஒரு கம்பளி உடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறம். இடது கை வலது கையைவிட ஒரு சாண் நீளம். உலகத்தில் அப்படி எத்தனையோ இருக்கலாம். வீட்டில் அதை விரித்ததும் அம்மா, "ஐயையோ, இது எப்படித் திரும்பி வந்துச்சு?" என்று இரண்டடி பின்னால் போனாள். பிறகு அவளும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எனக்குக் கேட்டது அப்பா சொன்ன ஒரு வாக்கியம்தான்: "நல்லவேளை, ஞாயித்துக்கிழமை அக்கா வர்றப்ப போட்டுக்க என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்." இந்தப் பத்தியை அம்மா பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதது போல அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அடுத்ததுதான் நேற்று நடந்தது.

நேற்று எனக்கும் குடையக்காவுக்கும் முன்னால் ஒரு பெண் நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் இருப்பாள். தோளில் ஒரு குழந்தை அழுது களைத்துப்போய், அழுகையில் இருந்து விக்கலுக்கு இறங்கியிருந்தது. மேசை அக்கா பின்னால் இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "பால் பவுடர் தீந்துபோச்சேம்மா. இருந்த கடைசி ரெண்டும் போயிடுச்சு. அடுத்த வாரம் வந்துடும்" என்றார். அந்தப் பெண் சண்டை போடவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

கடைசி இரண்டும் எங்கே போயின என்று அந்தக் கூடத்தில் தெரிந்தது எனக்கு மட்டும்தான், அத்தை. என் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

"எங்க வீட்டுல இருக்கு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. குடையக்காவுக்கு மட்டும் கேட்டது. அவர் குடையைத் தரையில் ஓங்கித் தட்டி, பஸ் நிலையத்தில் கூப்பிடுகிற குரலில், "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! இந்தப் பாப்பா என்னமோ சொல்லுது!" என்றார். கூடம் அடங்கிவிட்டது. எனக்கு உதவி செய்ய நினைத்து ஒருவர் செய்யக்கூடியதிலேயே மிகக் கொடுமையான காரியம் அதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கண்கள் எல்லாம் என் மேல். ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அந்தக் குழந்தை இன்னொரு தடவை விக்கியது.

"எங்க வீட்டுல ரெண்டு டப்பா இருக்கு. எங்க வீட்டுல கைக்குழந்தை இல்ல" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. "ஆறு பேரும் இல்ல. மூணு பேருதான். அப்பா பஸ் ஓட்டறாங்க. அவங்க வாட்டசாட்டமாவும் இல்ல."

"நான் சொன்னா தப்பாதே" என்று முனகினார் டெய்லர்.

சாவியம்மா கோடு வரைக்கும் வந்து நின்றார். "அப்புறம் எதுக்கும்மா வந்து வரிசையில நின்னே?"

கூடமே மூச்சை உள்ளே இழுத்தது. டெய்லர் மெல்ல, "அம்மா, அதைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதித் தொங்கவிட்டிருக்கீங்க" என்றார்.

"நீ சும்மா இருப்பா. சொல்லும்மா, எதுக்கு வந்தே?"

ஒரு வழியாகக் கேட்டுவிட்டார்கள், அத்தை! இத்தனை நாள் வழிநெடுகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் ஒன்றுகூட அப்போது வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வராமல் தொண்டையிலேயே தங்கிவிட்டிருந்த ஒன்றுதான் வந்தது.

"உள்ளேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "ஹார்டுவேர் கடை அத்தையோட மருமக நாந்தான். மொத நாள்ல இருந்து வந்துட்டுதான் இருக்கேன்" என்றேன்.

குடையக்கா பிடித்திருந்த என் கையை விட்டார். "அடிப்பாவி! அப்ப இத்தனை நாளா உன்னை உன்கிட்டயேவா திட்டிக்கிட்டிருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேராவே திட்டியிருப்பேனே!" என்றார். முதலில் சிரித்தது தோளில் குழந்தை வைத்திருந்தவள்தான். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று பார்க்க நான் அங்கே இல்லை. வீட்டுக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாக்கள், பைகள், நாற்காலியில் கிடந்த துணிகள் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளித் திணித்துக்கொண்டு, "எங்கடி போறே?" என்ற அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் திரும்பி ஓடி வந்தேன். அந்தப் பெண்ணிடம் டப்பாவை நீட்டினேன். அவள் நன்றி எல்லாம் சொல்லவில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்து, "பிரிக்கலியே?" என்றாள். இல்லை என்றேன். தேதியையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

சாவியம்மா ஆணியில் மாட்டியிருந்த ஏப்ரனை எடுத்து, கோட்டுக்கு மேலாக என்னிடம் நீட்டினார். "கட்டிக்கோ. சாயங்காலம் வரைக்கும் துணி மடிக்கணும். பேச வேண்டியதில்ல" என்றார். கட்டிக்கொண்டேன். மடித்தேன். நான் கொண்டு வந்த பைகளை டெய்லர் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். மேசைக்கு ஆள் போதாதபோது என்னையும் கூப்பிட்டார்கள். ஒருவரிடம், "வீட்டுல எத்தனை பேரு?" என்று நானே கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவசரப்படாமல், அவர் வாயைத் திறக்கும் வரை காத்திருந்தேன். "ரெண்டு" என்றார்.

ஆகவே அத்தை, நான் போகவில்லை என்பது பொய். போனேன், நின்றேன், வாங்கினேன், கொடுத்தேன், பேசவும் பேசினேன். சந்தேகம் இருந்தால் சாவியம்மாவையே கேளுங்கள். அவர் இப்போது கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் பழகிவிட்டார். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போக வர வேண்டாம். உங்கள் கவுன்டரில் கத்துவதற்கு நான் சரிப்பட மாட்டேன். அப்பா அதே பச்சை ஸ்வெட்டரோடு உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லி அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டுச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். கடைப் பூனைக்கு என் அன்பு. உங்கள் கடையில் நானும் அதுவும்தான் பேசாமலே ஒத்துப்போவோம். நீங்கள் குரல் குறையாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வந்துகொண்டே இருந்த,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நீங்கள் இதுவரை படித்திருக்கவே வேண்டாம். இன்று காலை அப்பாவின் முதல் பஸ்ஸில் இதைக் குடையக்கா கையில் கொடுத்து உங்களிடமே அனுப்புகிறேன். மடித்த காகிதத்தை இதற்காகத்தான் மறுபடியும் பிரித்தேன். உங்களுக்குத் தேவை கவுன்டரில் கத்த ஒரு ஆள். அவருக்குத் தேவை கத்துவதற்கு ஒரு கவுன்டர். இதை நேற்றே அவரிடம் நானாகப் பேசி முடித்துவிட்டேன். நீங்கள் உறையைப் பிரிப்பதற்குள் மேலே உள்ளது முழுவதையும் அவரே சொல்லி முடித்திருப்பார். ஆனால் ஒரு விஷயம் அவருக்கும் தெரியாது. நேற்று அவசரத்தில் நாற்காலியில் இருந்து அள்ளிய துணிகளோடு அந்தக் கம்பளி உடுப்பும் போயிருக்கிறது. டெய்லர் குடையக்காவைப் பார்த்தே அளவெடுத்து அதைக் கொடுத்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அளவு சரியாக இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் குடையக்கா வந்தார். "இடது கை பாரேன் பாப்பா, குடை பிடிக்கிற கை குளிரக் கூடாதுன்னே எந்த மகராசியோ அளந்து பின்னியிருக்கா!" என்கிறார். அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடையக்கா உங்கள் முன்னால் நிற்கும்போது அது அவர் மேல் இருக்கும், அத்தை. எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே அதுதான் சட்டம். தூறல் ஆரம்பித்துவிட்டது. குடையக்கா படியில் கால் வைத்துக் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார். உடுப்பின் அந்த நீளக் கையை அவர் விரல் நுனி மூடும் வரை இழுத்துவிட்டேன்.